நாற்பதுக்கு மேல் வேற்றுமொழி: எங்கள் வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் எங்கள் வீட்டு முகப்பில் சனி, ஞாயிறு மாலைகளில் பிரெஞ்சு சொல்லிக் கொடுக்கிறேன். நான் பிரெஞ்சு படிக்க உட்கார்ந்தபோது எனக்கு 41 வயது. கானாடுகாத்தானில் தங்கும் விடுதியாக மாறிய ஒரு பழைய வீட்டில் கணக்கு எழுதப் போனேன். அங்கே வந்து தங்கியவர்களில் பிரெஞ்சுக்காரர்கள் நிறைய. தூணையும் தரையையும் தடவிப் பார்த்து ஏதோ கேட்பார்கள். பதில் எனக்குத் தெரியும், மொழி தெரியாது. அந்தத் தவிப்பில்தான் தொடங்கினேன். இப்போது 53 ஆகிறது. நான்கு ஆண்டுகளாக ஜப்பானிய மொழியும் படிக்கிறேன். ஜெர்மன் வகுப்பை வேறொருவர் எடுக்கிறார். அந்த மொழி பற்றி இங்கே சொல்வது அவரிடம் கேட்டு எழுதியது.

வகுப்புக்கு வருகிறவர்கள் எல்லாரும் பெரியவர்கள். ஆத்தங்குடித் தரைக்கல் போடுகிறவர், வாடகைக் கார் ஓட்டுகிறவர், பழைய சாமான் கடை வைத்திருப்பவர், நர்ஸ்கள், பேரப்பிள்ளைகளை வெளிநாட்டில் வைத்திருக்கும் ஆச்சிமார். சேரும் முன்பு எல்லாரும் ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள்.

எனக்கு 48 வயது. இனிமேல் ஒரு மொழி மண்டையில் ஏறுமா?

ஏறும்.

நெதர்லாந்தில் குடியேறிய, ஆங்கிலம் பேசுகிறவர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 1978-ல் வெளிவந்தது. மூன்று வயதுப் பிள்ளை முதல் பெரியவர்கள் வரை, யார் டச்சு மொழியை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று பார்த்தார்கள். முதல் சில மாதங்களில் முந்தியவர்கள் பதின்வயதினரும் பெரியவர்களும்தான். மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள் கடைசியில் நின்றார்கள். எனக்கு இது வியப்பாக இல்லை. நமக்கு ஒரு விதியைச் சொன்னால் அதைப் பத்து இடத்தில் பொருத்திப் பார்க்கத் தெரியும், எழுதி வைத்துப் படிக்கத் தெரியும். குழந்தைக்கு அது தெரியாது.

பிறகு பிள்ளைகள் எட்டிப் பிடித்துத் தாண்டியும் போகிறார்கள். அதையும் மறைக்கக் கூடாது. 2018-ல் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விடைகளை வைத்து வந்த இன்னோர் ஆய்வு, இலக்கணத்தை உள்வாங்கும் திறன் ஏறக்குறைய 17 வயது வரை அப்படியே இருந்து பிறகு இறங்குகிறது என்றது. ஆக, பாரிஸில் பிறந்தவர் மாதிரியே பேசுவது நமக்கு அரிது. ஆனால் கேட்டுப் புரிந்துகொள்ளலாம், நினைத்ததைச் சொல்லலாம், செய்தித்தாள் படிக்கலாம்.

வீரமாமுனிவரை நினைத்துக்கொள்ளுங்கள். இத்தாலியில் 1680-ல் பிறந்தவர். நம் நாட்டுக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது முப்பது. அதன் பிறகு தமிழ் படித்து, தேம்பாவணி பாடி, 1732-ல் சதுரகராதியும் தொகுத்தார். தமிழர்களுக்குத் தமிழ் அகராதி செய்து கொடுத்தவர், முப்பதுக்கு மேல் தமிழ் கற்றவர்.

அவ்வளவு தூரம் போகாவிட்டால், உங்கள் வீட்டிலேயே பாருங்கள். எங்கள் ஐயா (தாத்தா) பர்மாவில் மோல்மேனில் ஒரு வட்டிக்கடையில் பெட்டியடிப் பையன் என்ற எடுபிடியாக இருந்து, அடுத்தாள் என்ற உதவியாளராகி, 1942-ல் ஜப்பான் படை உள்ளே வந்தபோது ஊர் திரும்பியவர். கடைசிக் காலம் வரை பர்மிய மொழியில் எண்ணுவார். ஐந்துக்கு வரும்போது ‘ஙா’ என்பார். தமிழில் ஙவில் தொடங்கும் சொல்லை நாம் எங்கே பேசுகிறோம்? பர்மிய மொழியில் ஐந்துக்கும் ஙா, மீனுக்கும் ஙா. பத்து வயதில் எனக்கு அதைச் சொல்லிச் சிரிப்பார். அவருக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. கடன் வாங்க வருகிற விவசாயியிடம் பேசிப் பேசி வந்த மொழி.

எந்த மொழியைப் படிக்கலாம்?

யாரிடம் பேசப் போகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். பேச ஆள் இருக்கிற மொழிதான் நிற்கும். செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வருகிறவர்களோடு வேலை என்றால் பிரெஞ்சு. மகனோ மகளோ ஜெர்மனியில் இருந்தால் ஜெர்மன். வேலைக்கு ஜப்பான் போக எண்ணம் என்றால் அந்த மொழி. பினாங்கிலும் கோலாலம்பூரிலும் உறவு இருந்தால் மலாய் நல்ல தொடக்கம். அதில் காலத்துக்கு ஏற்ப வினைச்சொல் மாறாது. நாம் கொடுத்த சொற்களும் அங்கே இருக்கின்றன: கடைக்கு ‘கெடாய்’, கப்பலுக்கு ‘காப்பால்’, கட்டிலுக்கு ‘காத்தில்’.

‘எது சுலபம்?’ என்று கேட்டுத் தேர்ந்தெடுத்தவர்கள் மூன்று மாதத்துக்கு மேல் நின்றதை நான் பார்த்ததில்லை.

எனக்கு ஆங்கிலமே சரியாக வராது. ஆங்கிலம் இல்லாமல் இன்னொரு மொழி படிக்க முடியுமா?

என்னிடம் கேட்கப்படுவதிலேயே முக்கியமான கேள்வி இது. முடியும். சில மொழிகளுக்கு ஆங்கிலத்தை ஓரமாக வைப்பதே நல்லது.

பாடப் புத்தகங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால், நாம் பிரெஞ்சையோ ஜப்பானிய மொழியையோ ஆங்கிலத்தின் வாசல் வழியாகவே போய்ப் பார்க்கிறோம். அப்படிப் போனால் ஆங்கிலேயருக்கு எதெல்லாம் கஷ்டமோ அதெல்லாம் நமக்கும் கஷ்டம் என்று நம்பிவிடுகிறோம். நம்மிடம் தமிழ் இருப்பதை மறந்தே போகிறோம்.

ஜப்பானிய மொழியை எடுத்துக்கொள்ளுங்கள். ‘தபெதெ’ என்றால் சாப்பிட்டு. ‘மிரு’ என்றால் பார். ‘தபெதெ மிரு’ என்றால்? சாப்பிட்டுப் பார். அதே பொருள், அதே வரிசை. ‘கைதெ ஒகு’ என்பது எழுதி வை. ‘கத்தெ குரு’ என்பது வாங்கி வா. ஆங்கிலப் புத்தகம் இதற்குத் தனித்தனிப் பாடமாகப் பல பக்கம் எழுதுகிறது. நமக்கு ஒரு வரி போதும். ‘கினோ கிதா ஹிதோ’ என்றால் நேற்று வந்த ஆள். சொல்லுக்குச் சொல் நம் வரிசை. வினைச்சொல் கடைசியில். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால். கேள்வி என்றால் நாம் கடைசியில் ‘ஆ’ சேர்ப்பது போல அவர்கள் ‘கா’ சேர்க்கிறார்கள்.

சுட்டுச்சொல்லைப் பாருங்கள். கொரெ, சொரெ, அரெ, தொரெ. பேசுகிறவர் பக்கத்தில் இருந்தால் கொரெ, கேட்கிறவர் பக்கத்தில் இருந்தால் சொரெ, இருவருக்கும் தள்ளி இருந்தால் அரெ. இந்த நடு வகையைப் புரியவைக்க ஆங்கிலப் புத்தகம் படம் வரைகிறது. நம் இலக்கணத்தில் அ, இ, உ என்று மூன்று சுட்டு உண்டு. இது, உது, அது, எது. யாழ்ப்பாணத்தார் இன்றும் ‘உது’ என்று பேசுகிறார்கள். இந்த வரியை முதன்முதலாக வகுப்பில் சொன்னபோது புதுவயலிலிருந்து வந்த ஒரு மாணவர் எழுந்தே நின்றுவிட்டார். பள்ளியில் படித்த சுட்டெழுத்து முப்பது வருடம் கழித்து இப்படிப் பயன்படும் என்று அவர் நினைக்கவே இல்லை.

பிரெஞ்சில் வாக்கிய வரிசை நம்முடையது இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீ, நீங்கள் வேறுபாடு அப்படியே ‘த்யு’, ‘வூ’ என்று இருக்கிறது. ஜெர்மனில் ‘டூ’, ‘ஸீ’. யாரை நீங்கள் என்று சொல்ல வேண்டும் என்ற உணர்வு நமக்கு ரத்தத்திலேயே ஊறியது. அப்புறம் மூக்கொலி. பிரெஞ்சு கற்கும் ஆங்கிலேயர்களை வாட்டுவது இதுதான். நாம் ‘மரம்’ என்று எழுதுகிறோம். பேசும்போது உதட்டை மூடி ‘ம்’ சொல்கிறோமா? இல்லை, கடைசி உயிரை மூக்கில் விட்டு முடிக்கிறோம். ‘வந்தான்’ என்பதும் பேச்சில் அப்படித்தான் முடிகிறது. பிரெஞ்சில் நல்லது என்பதற்கான ‘போன்’, வெள்ளை என்பதற்கான ‘ப்ளான்’ இரண்டிலும் அந்த ன் நாக்கில் படாது. ‘மரம் நல்ல மரம்’ என்று வீட்டில் பேசுகிற மாதிரி நான்கு முறை சொல்லிவிட்டு ‘போன்’ சொல்லுங்கள். வந்துவிடும்.

எங்கே தமிழ் உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனில் மேசை ஆண்பால், கதவு பெண்பால், ஜன்னல் இரண்டும் இல்லை. ‘மேட்ஷென்’ என்றால் சிறுமி, அதுவும் பெண்பால் இல்லை. உயர்திணை, அஃறிணை என்று பொருளைப் பார்த்துப் பிரித்துப் பழகிய நமக்கு இதில் பிடிமானமே கிடையாது. ஒவ்வொரு சொல்லையும் அதன் ‘டேர், டீ, டாஸ்’ என்ற முன்சொல்லோடு சேர்த்தே மனப்பாடம் செய்ய வேண்டும். பிரெஞ்சிலும் இதே தொல்லை, கொஞ்சம் குறைவு.

உச்சரிப்பு சரியாக வருமா?

முழுதாக வராது, போதுமான அளவு வரும்.

பிறந்த குழந்தைக்கு எல்லா மொழி ஒலிகளும் காதில் பிரிந்து விழும். கனடாவில் 1984-ல் வெளியான ஆய்வு ஒன்றில், ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் ஆறு முதல் எட்டு மாதத்தில் இந்தி மொழியின் த, ட ஒலிகளைப் பிரித்து உணர்ந்தன. பத்துப் பன்னிரண்டு மாதம் ஆனபோது பெரும்பாலான குழந்தைகளுக்கு அது போய்விட்டது. வீட்டில் கேட்காத ஒலியைக் காது கைவிட்டுவிடுகிறது. வெள்ளைக்காரருக்கு ‘கத்தி’யும் ‘கட்டி’யும் ஒன்றாகக் கேட்பது அதனால்தான்.

நமக்கும் அப்படிக் கைவிட்ட ஒலிகள் உண்டு. நம் எழுத்தில் ஒரே ப. பிரெஞ்சில் மீனுக்கு ஒரு சொல், குடிக்கும் பானத்துக்கு ஒரு சொல். தமிழில் எழுதினால் இரண்டுமே ‘புவாஸோன்’. விடுதியில் பரிமாறுகிறவருக்கு இந்த வித்தியாசம் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நான் சொல்லித் தரும் வழி: மீனுக்கு ‘பல்’ என்பதில் வரும் ப. பானத்துக்கு ‘கம்பன்’ என்பதில் வரும் ப. இரண்டு ஒலியும் நம் வாயில் இருக்கிறது, சொல்லின் முதலில் வைத்துப் பழக்கமில்லை, அவ்வளவுதான். தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு சொல்லுங்கள். கம்பனின் பவுக்கு உடனே அதிரும், பல்லின் பவுக்கு அதிராது. காரைக்குடிக்காரர்களுக்குக் கம்பன் மறக்காது.

நெடில், குறில், இரட்டிப்பு இவற்றில் நமக்குக் கவலையே இல்லை. ஜப்பானிய மொழியில் ‘ஒஜிசான்’ மாமா, ‘ஒஜீசான்’ தாத்தா. படி, பாடி என்று பிரித்து வளர்ந்த காதுக்கு இது பெரிய வேலை இல்லை.

எத்தனை நாளில் பேசலாம்?

அமெரிக்க வெளியுறவுத் துறை, ஆங்கிலம் பேசும் தன் அதிகாரிகளுக்குப் பிரெஞ்சு சொல்லித் தர 600 முதல் 750 வகுப்பு மணி நேரமும், ஜப்பானிய மொழிக்கு 2,200 மணி நேரமும் கணக்கு வைத்திருக்கிறது. அது வேலை பார்க்கும் அளவு நல்ல தேர்ச்சிக்கு. இந்தக் கணக்கு தமிழருக்குப் போட்டதல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். ஜப்பானிய மொழியில் நமக்கு வாக்கியம் சீக்கிரம் வந்துவிடும். எழுத்து மட்டும் யாருக்கும் சலுகை காட்டாது. அன்றாடப் பயன்பாட்டுக்கான கான்ஜி எழுத்துகள் மட்டும் 2,136.

தினம் ஒரு மணி நேரம் என்றால் வருடத்துக்கு 365 மணி. என் அனுபவத்தில், நூறு மணிக்குக் கொஞ்சம் மேலே போனால் பிரெஞ்சில் பெயர், ஊர், குடும்பம், விலை, வழி எல்லாம் சொல்ல வரும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஐந்து மணி நேரம் உட்காருவதைவிடத் தினம் நாற்பது நிமிடம் நிச்சயம் மேல்.

படித்த சொல் மறுநாளே மறந்துபோகிறதே?

எல்லாருக்கும் மறக்கும். எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளில்லாத அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885-ல் வெளியிட்டார். முதல் ஒரு நாளுக்குள்தான் பெரும்பங்கு போகிறது. மறக்கப் போகும் நேரத்தில் திரும்ப எடுத்துப் பார்த்தால் அடுத்த முறை அதிக நாள் தங்கும்.

இதற்கு லைட்னர் என்பவர் 1970-களில் சொன்ன பெட்டி முறையைத்தான் எங்கள் வகுப்பில் பிடிக்கிறோம். ஐந்து டப்பா. ஒரு சீட்டில் ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் பிரெஞ்சு. புதிய சீட்டு முதல் டப்பாவில், தினமும் பார்க்க வேண்டும். சரியாகச் சொன்னால் அடுத்த டப்பா. அதை இரண்டு நாளுக்கு ஒரு முறை, அதற்கடுத்ததை வாரம் ஒரு முறை என்று இடைவெளி கூடும். தவறினால் சீட்டு முதல் டப்பாவுக்கே திரும்பும். கைப்பேசியில் ‘அன்கி’ என்ற செயலி இதே வேலையைச் செய்கிறது. எங்கள் ஆச்சிமார்களுக்கு முறுக்கு டப்பாதான் பிடித்திருக்கிறது. பேரேட்டில் வரவு பற்று எழுதிய வீட்டுப் பெண்கள், எந்தச் சீட்டு எந்த டப்பாவில் என்று பிசகாமல் வைத்திருக்கிறார்கள்.

தனிச் சொல்லாக எழுதாதீர்கள். சின்ன வாக்கியமாக எழுதுங்கள்.

கைப்பேசிச் செயலி மட்டும் போதாதா? மொழிபெயர்க்கவும் செயலி வந்துவிட்டதே?

சொல் பழக, எழுத்துப் பழகச் செயலி நல்லது. பேச வராது. மொழிபெயர்ப்புச் செயலி விலாசம் கேட்க உதவும். ஒருவரோடு உட்கார்ந்து காபி குடிக்கும்போது நடுவில் கைப்பேசியை நீட்டிக்கொண்டே இருந்தால் அந்தப் பேச்சு எவ்வளவு தூரம் போகும்?

பேச ஆள் இல்லை. ஆள் கிடைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

முதலில் ஆள். காது பழக இணையத்தில் பிரான்சின் ஆர்எஃப்ஐ வானொலி எளிய பிரெஞ்சில் பத்து நிமிடச் செய்தி தருகிறது. ஜெர்மனுக்கு ‘டாய்ச்ச வெல்ல’ என்ற ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனம் இலவசப் பாடங்களே வைத்திருக்கிறது. சமைக்கும்போது ஓடவிடுங்கள். பேசுவதற்கு, ஒரே வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து படிப்பதுபோல் வராது. கணவன் மனைவியாகச் சேருங்கள், நாத்தனாரைக் கூட்டி வாருங்கள். குளிர் மாதங்களில் நம் பக்கம் வெளிநாட்டார் வருகிறார்கள். கானாடுகாத்தானிலும் ஆத்தங்குடியிலும் அவர்களே நம்மிடம் பேச ஆசையாக நிற்கிறார்கள்.

கூச்சம் பெரிய விஷயம், அதை லேசாகப் பேச எனக்கு மனமில்லை. பத்துப் பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவர், பெரியவர் என்று ஊரில் பேர் எடுத்தவர், புது மொழியில் மூன்று வயதுப் பிள்ளை மாதிரி பேச வேண்டியிருக்கிறது. அது வலிக்கும். வகுப்பில் ஒருவர் தவறாகச் சொன்னால் மற்றவர்கள் சிரிக்கக் கூடாது என்பதை மட்டும் நான் கண்டிப்பாக வைத்திருக்கிறேன்.

எனக்கு முதல் பேச்சு இரண்டே சொல். ஒரு வயதான பிரெஞ்சு அம்மா பட்டாலையில், அதாவது வீட்டுக் கூடத்தில், தூணில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். ‘தெக்’ என்றேன், தேக்கு. அப்புறம் ‘பிர்மனி’ என்றேன், பர்மா. வினைச்சொல்லும் இல்லை, வாக்கியமும் இல்லை. அவர் தூணை அண்ணாந்து பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். கடல் தாண்டி வந்த மரம் என்று புரிந்துவிட்டது. அன்று இரவு வீட்டுக்கு வந்து, ‘இந்தத் தூண் பர்மாவிலிருந்து வந்தது’ என்பதை எப்படிச் சொல்வது என்று தேடிப் படித்தேன். தேவைப்பட்ட வாக்கியம் என்பதால் அது இன்றுவரை மறக்கவில்லை.

தேர்வு எழுத வேண்டுமா?

வேலைக்கோ விசாவுக்கோ போகிறவர்கள் மட்டும் எழுதினால் போதும். ஐரோப்பிய மொழிகளுக்கு ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள். ஜெர்மனியில் நர்ஸ் வேலைக்கான அங்கீகாரத்துக்குப் பொதுவாக பி2 கேட்கிறார்கள். அங்கே இருக்கும் கணவரோடு போய்ச் சேருகிற மனைவிக்குப் பொதுவாக ஏ1. பேரப்பிள்ளையைப் பார்த்துவிட்டு வரும் பெரியவர்களுக்குச் சான்று எதுவும் வேண்டாம். ஜப்பானிய மொழித் தேர்வில் என்5 தொடக்கம், என்1 உச்சம். அதில் பேச்சுத் தேர்வு கிடையாது, ஆகவே சான்றிதழ் இருந்தும் பேச முடியாதவர்கள் உண்டு. ஜப்பானில் 2019-ல் வந்த திறன் தொழிலாளர் விசாவுக்கு என்4 ஒரு வழி.

ஜெர்மனுக்கு கோத்தே நிறுவனமும் பிரெஞ்சுக்கு அலியான்ஸ் பிரான்சேசும் சென்னையில் இருக்கின்றன. விடிகாலைப் பல்லவன் ரயிலில் ஏறினால் மத்தியானம் எழும்பூர். காலைத் தேர்வு என்றால் முதல் நாளே போய்விடுங்கள்.

மூன்றே மாதத்தில் பி2 முடித்து அனுப்புகிறோம் என்று ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

வேண்டாம். ஒன்றுமே தெரியாமல் தொடங்கி வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவருக்கு மூன்று மாதத்தில் பி2 வராது. எங்கள் வகுப்புக்கு வந்த ஒரு நர்ஸ் பெண் இப்படி நகையை அடகு வைத்துக் கட்டிவிட்டு, ஏ1 தாண்டாமல் நின்றார். பிறகு நிதானமாக ஒன்றரை வருடம் படித்துத்தான் தேறினார். தேர்வுக் கட்டணத்தைத் தேர்வு நடத்தும் நிறுவனத்திடம் நீங்களே நேராகக் கட்டுங்கள்.

புதுமொழி படித்தால் மறதி நோய் வராது என்கிறார்களே?

ஹைதராபாத்தில் 648 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு 2013-ல் வந்தது. ஒன்றுக்கு மேல் மொழி பேசியவர்களுக்கு மறதி நோய் சுமார் நான்கரை ஆண்டு தள்ளி வந்திருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அப்படியே. அவர்கள் வாழ்நாள் முழுதும் பல மொழி பேசியவர்கள் என்பதைக் கவனியுங்கள். அறுபதில் தொடங்கினால் அதே பலன் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

பேத்தி ஜெர்மனியில் பிறந்தவள், தமிழ் சரியாக வரவில்லை. அவளோடு பேச நான் ஜெர்மன் படிக்கலாமா?

படியுங்கள் ஆச்சி. இந்தக் காரணத்துக்காக வருகிறவர்கள் பாதியில் நிறுத்தி நான் பார்த்ததே இல்லை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஜெர்மன் தெரிந்த பிறகு தமிழை விட்டுவிட்டு அவளோடு ஜெர்மனிலேயே பேசிவிடாதீர்கள். உங்களிடம் இருந்து அவளுக்குக் கிடைக்கக்கூடிய தமிழ் வேறு யாரிடமும் கிடைக்காது. தேவகோட்டையிலிருந்து வரும் ஓர் ஆச்சி ஒரு வழி வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் பேத்தியிடம் ஏதாவது ஒரு பொருளைக் காட்டச் சொல்வார். பேத்தி ஜெர்மன் சொல்லைச் சொல்லி, ஆயாவின் உச்சரிப்பைத் திருத்துவாள். பதிலுக்கு ஆயா தமிழ்ச் சொல்லைச் சொல்லித் திருத்துவார். ஒரு வாரம் கரண்டி, ஒரு வாரம் குடை. திருத்துகிற உரிமை கிடைத்ததும் அந்தப் பிள்ளைக்கு அவ்வளவு சந்தோஷம். போன மாதம் அவள் தானாகவே, வீட்டின் உள்முற்றத்தைச் சொல்லும் ‘வளவு’ என்ற சொல்லைக் கேட்டு வாங்கிக்கொண்டாளாம், வீட்டுப் படத்தைக் காட்டி.

முதல் வகுப்புக்கு என்ன கொண்டு வர வேண்டும்?

ஒரு நாற்பது பக்க நோட்டு, பென்சில், ஒரு டப்பா. புத்தகம் இப்போது வாங்க வேண்டாம். அப்புறம், நீங்கள் அந்த மொழியில் யாரிடம் முதலில் பேச வேண்டுமோ, அவரிடம் சொல்ல விரும்பும் மூன்று வாக்கியங்களைத் தமிழில் எழுதிக்கொண்டு வாருங்கள். முதல் நாள் பாடம் அதுதான்.